ரொசியோ ஒருநாளும் டிஸ்கஸ் பண்ணுவதில்லை

1

செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகாலுக்கு, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், ரொசியோ தன் வேலையை விடப்போவதாக அறிவித்தார். வகுப்பு கைதட்டியது.

நான் அங்கே இருக்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் துசாந்தினி. கைதட்டாத ஒரே ஆள் அவர்தான். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் படிப்பிக்கிறார். செவ்வாய் மாலைகளில் ஒஸ்லோவில் வாழும் ஸ்பானிஷ்காரரை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்கிறார். (சிலே, பெரு, கொலம்பியா, ஸ்பெயின் எல்லாம் அவருக்கு ‘ஸ்பானிஷ்காரர்’. இலங்கையோ இந்தியாவோ, நாங்கள் எல்லோரும் நோர்வேக்காரருக்கு ‘தமிழர்’ என்பது போல.)

ஹவுகெட்டோவுக்குப் போகும் ரயிலில் கண்டபோது சொல்லத் தொடங்கினார். ஹவுகெட்டோ வந்தது. அவர் இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போனார். சொல்லிக்கொண்டிருப்பதை முடிப்பதற்காகத் தன் நிலையத்தைத் தவறவிடுகிற ஒருவரை நான் நம்புவேன்.

“எழுதுறதெண்டால் எழுதுங்கோ அண்ணை. ஆனால் ரெண்டு கொண்டிஷன்.”

“சொல்லுங்கோ.”

“என்னை நல்லவ ஆக்கக் கூடாது. மற்றது, கடைசியில ரொசியோ சொன்ன மறுமொழியை எழுதக் கூடாது.”

“அது இல்லாட்டில் கதை எங்கை?”

“அது உங்கட பிரச்சினை.”

இரண்டாவது நிபந்தனைக்கு இணங்குகிறேன். முதலாவதற்கு இணங்க முயல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘சிலேயின் தெற்கே, மழை ஓயாத ஒரு துறைமுக நகரத்தில்…’

[விட்டுவிட்டேன். ரொசியோ அங்கே பிறந்தவர் என்பது உண்மை. அந்த மழையில் நான் நனைந்ததில்லை.]

பிறகு இப்படி:

‘ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது…’

[கட்டுரை. அதுவும் நல்ல கட்டுரை இல்லை.]

மூன்றாவது:

‘ரொசியோவின் மேலதிகாரி இங்கெர் ஈவிரக்கம் இல்லாத…’

[பொய்.]

ஆகவே வெள்ளைப் பலகையில் தொடங்குகிறேன். தேர்வுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு சொற்குடும்பம் உண்டு. பயணம், உணவு, காலநிலை. அந்த வாரம் மோதலும் இணக்கமும். துசாந்தினி பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம்: டிஃபை, ரெசிஸ்ட், ஸ்டாண்ட் அப் டு. வலது பக்கம்: ஒபே, கம்ப்ளை, கிவ் இன். எதிர்ப்பவை இங்கே, பணிபவை அங்கே. ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து.

“புத்தகத்தில வாற ஜோனும் மேரியும் ஆரோடையும் கொழுவுறேல்லை, அண்ணை. அதுகளை வைச்சு இந்தச் சொல்லுகளைப் படிப்பிக்க ஏலாது.”

ரொசியோ முதலில் எழுந்தார். மீன் நோய்களை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை. அங்கே ஆங்கிலந்தான் வேலைமொழி. சேர்ந்து சில மாதங்கள். இன்னும் சோதனைக்காலம் முடியவில்லை. அந்த வேலையை நம்பித்தான் விசா. அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தேர்வு.

அவருடைய முதல் வாக்கியம்: “மார்ச் மாதம் நான் முப்பத்தாறு வயசுக்குக் கீழ்ப்படிஞ்சன்.”

ஸ்பானிஷில் ‘கும்ப்ளிர்’ என்றால் நிறைவேற்றுவது. வயதை நிறைவு செய்வதற்கும் அதே சொல். ஆங்கிலத்தின் ‘கம்ப்ளை’ அதன் தங்கை போலத் தெரியும். இல்லை, ‘கம்ப்ளை’ என்றால் சொன்னதற்கு இணங்குவது.

“பிழை,” என்றாராம் துசாந்தினி. “ஆனால் வயசுக்கு நாங்கள் எல்லாரும் கீழ்ப்படிஞ்சுதான் ஆக வேணும்.”

* குறிப்பு: ரொசியோ ஆங்கிலத்தில் சொன்னதை நான் எந்தத் தமிழில் எழுதுவது? அச்சுத் தமிழில் எழுதினால் செய்தி வாசிப்பவர் ஆகிவிடுவார். துசாந்தினியிடம் கேட்டேன். “எங்கட தமிழிலேயே கதைக்கட்டும். வந்து அஞ்சு நிமிசத்தில ‘சாப்பிட்டீங்களோ’ எண்டு கேக்கிற ஆள்” என்றார். ஆகவே ரொசியோ இந்தக் கதையில் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்.

3

இரண்டாவது வாக்கியம் நீண்டது.

“போன கிழமை இங்கெர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ. ஏதும் பிரச்சினை வந்தால் என்னோட டிஸ்கஸ் பண்ணுறனீங்களோ எண்டு. நான் நெஞ்சில கை வைச்சுச் சொன்னனான்: ஒருநாளும் இல்லை! நான் உங்களோட டிஸ்கஸ் பண்ணுறதே இல்லை. கம்ப்ளை பண்ணுறன். இண்டைக்கு மின்னஞ்சல் வந்திருக்கு. வியாழக்கிழமை காலமை நாங்கள் டிஸ்கஸ் பண்ண வேணுமாம். வேணுமெண்டால் ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். பாத்தீங்களோ? சண்டைக்கு ஆள் சேர்க்கிறா. நான் போய்ச் சண்டை பிடிக்க மாட்டன். வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டு வெளிக்கிடுவன். ஐ வோன்ட் கிவ் இன்.”

அப்போதுதான் கைதட்டல். கொலம்பியாக்காரர் ஒருவர் மேசையில் தட்டினாராம்.

துசாந்தினி பலகையைப் பார்த்தார். ‘கிவ் இன்’ சரியாக வந்திருந்தது. பலகையில் இல்லாத ஒரு சொல்தான் பிழையாக வந்திருந்தது.

[அறிவியல் படித்த வாசகர் இங்கே என்னை மறிப்பார். ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொன்றிலும் ‘டிஸ்கஷன்’ என்று ஒரு பகுதி உண்டே, ரொசியோவுக்கு அந்தச் சொல் தெரியாதா? தெரியும். மற்ற விஞ்ஞானிகளோடு சண்டை பிடிக்கும் பகுதி என்று நினைத்திருந்தார். அது முழுப் பிழையும் அல்ல.]

ஸ்பானிஷில் ‘டிஸ்குதிர்’ என்றால், வீட்டிலும் தெருவிலும், வாய்ச்சண்டை பிடிப்பது. ரொசியோ சொல்ல நினைத்தது: நான் உங்களோடு ஒருநாளும் சண்டைக்கு வருவதில்லை. இங்கெரின் காதில் விழுந்தது வேறு.

“ரொசியோ,” என்றார் துசாந்தினி. “டிஸ்கஸ் எண்டால் சண்டை இல்லை. கதைக்கிறது. இருந்து ஆறுதலாக் கதைக்கிறது.”

“அப்ப நான் அவவுக்கு என்ன சொன்னனான்?”

“நான் உங்களோட கதைக்கிறேல்லை எண்டு.”

“ஒருநாளும்?”

“ஒருநாளும்.”

“நெஞ்சில கை வைச்சு?”

துசாந்தினி தலையசைத்தார். ரொசியோ கதிரையில் இருந்தார். பிறகு யாரோ பின்வரிசையில் சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு ரொசியோவே சிரித்தார்.

4

இந்தப் பிழை துசாந்தினியின் காதில் எப்படி உடனே பட்டது? ஸ்பானிஷ் தெரியும் என்பதால் மட்டுமல்ல. அவருடைய கட்டடத்தில் அதே மாடியில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹேமா குடியிருக்கிறார். வந்த புதிதில் ஒருநாள் படிக்கட்டில் கண்டு, வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாராம்:

“உங்க பொண்ணை நேத்து லிஃப்ட்ல பார்த்தேங்க. நல்லா பேசினேன்!”

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. துசாந்தினிக்குக் கேட்டது இதுதான்: உன் மகளை லிஃப்டில் பிடித்து நன்றாக ஏசிவிட்டேன். அதையும் சிரித்துக்கொண்டு.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஹேமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேமா தீபாவளிக்குக் கொண்டுவந்த பலகாரத்தை வாசலில் வைத்தே வாங்கினார். கடைசியில் மகள் கம்சிகாதான் கேட்டாளாம்: “ஏனம்மா அந்த அன்ரியோட கோவம்? லிஃப்ட்ல என்னோட எவ்வளவு நல்லாக் கதைச்சவ, தெரியுமோ?”

இந்தச் சம்பவத்தையும் துசாந்தினி அன்று வகுப்பில் சொன்னார். தன்னைப் பார்த்துச் சிரிக்க விட்டார். ரொசியோவை மட்டும் சிரிப்புக்கு ஆளாக விடவில்லை.

[இங்கே இன்னொரு வாக்கியம் இருந்தது. துசாந்தினி வாசித்துவிட்டு வெட்டச் சொன்னார். வெட்டினேன். அது அவரைப் பற்றிய பாராட்டு என்று சொல்வதற்கு மட்டும் தடை இல்லை என எடுத்துக்கொள்கிறேன்.]

* குறிப்பு: ஹேமாவின் அந்த ஒரு வரியையும் அதற்கு நான் தந்த விளக்கத்தையும் தவிர இந்தக் கதையில் அந்தச் சொல்லை நான் ஓரிடத்திலும் ஒருவர் வாயாலும் சொல்விக்கவில்லை. சென்னையில் வாசிப்பவர் உரையாடல் என்று எடுப்பார். சுன்னாகத்தில் வாசிப்பவர் திட்டு என்று எடுப்பார். ஒரே பக்கத்தில் இரண்டு கதை ஓடும். அதற்கு நான் ஆளில்லை.

வகுப்பு முடிந்தபோது ரொசியோ ராஜினாமாவை மறந்துவிட்டார். வியாழக்கிழமை எம்பனாதா செய்துகொண்டு போவதாகச் சொன்னார். எம்பனாதா என்பது இறைச்சி வைத்து மடித்த ரொட்டி. எங்கள் பற்றிஸுக்குச் சொந்தக்காரன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு நல்ல சிறிய கதையாக இருந்திருக்கும். நான் ரயிலில் அப்படித்தான் நினைத்தேன். அப்போதுதான் ஹவுகெட்டோ வந்தது; துசாந்தினி இறங்கவில்லை.

5

துசாந்தினியின் கணவர் ரஜீவன் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவர்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் துசாந்தினி இதை ஒரு பகிடியாகச் சொன்னார். கம்சிகா சிரித்தாள். ரஜீவன் சிரிக்கவில்லை.

“ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு எழுதியிருக்கோ?”

“ஓம்.”

“கடிதம் இங்கிலிஷில மட்டுமோ? நொஸ்க்கில ஒண்டும் இல்லையோ?”

“அவ போனில காட்டினவ. மேலை நொஸ்க்கில ஒரு தலைப்பு இருந்தது. நான் வாசிக்கேல்லை.”

“கேள், என்ன சொல் எண்டு.”

துசாந்தினி ரொசியோவுக்குச் செய்தி அனுப்பினார். படம் வந்தது. நோர்வே மொழித் தலைப்பு: த்ரொஃப்திங்ஸ்மோதெ. ரஜீவன் கரண்டியை வைத்தார்.

“துசா, அது வேலையால நிப்பாட்ட முதல் கூப்பிடுற கூட்டம். சட்டத்தில இருக்கிற சொல்.”

“கலந்து கதைக்கிற கூட்டம் எண்டுதானே அர்த்தம்?”

“ஓம். கலந்து கதைச்சிட்டு நிப்பாட்டுவினம்.”

“அவ பலகாரத்தோட போறா,” என்றார் துசாந்தினி.

“எங்கை? தன்ர செத்தவீட்டுக்கோ?”

“அப்பா!” என்றாள் கம்சிகா.

இந்தக் கதையை எழுத வைத்தது இந்த இடம். ரொசியோ சொல்லைப் பிழையாக விளங்கி, நிலைமையைச் சரியாக விளங்கியிருந்தார். துசாந்தினி சொல்லைச் சரியாக விளங்கி, நிலைமையைப் பிழையாக விளங்கியிருந்தார். ஆங்கிலம் துசாந்தினியின் பக்கம். நாடு ரொசியோவின் பக்கம்.

துசாந்தினி உடனே ரொசியோவை அழைத்தார். அதை அடுத்த நாளுக்குத் தள்ளியிருக்கலாம். தன் பிழையை ஒரு மாணவியிடம் ஒப்புக்கொள்வது எந்த ஆசிரியருக்கும் இனிக்காது. அவர் எழுந்து, சமையலறைக் கதவைக்கூடச் சாத்தாமல், மகள் கேட்கக் கேட்கச் சொன்னார்.

“ரொசியோ, நான் பிழை விட்டிட்டன்.”

“அப்ப டிஸ்கஸ் எண்டால் சண்டைதானோ?”

“இஞ்சை… பாதி.”

“எந்தப் பாதி, ரீச்சர்?”

துசாந்தினி விளங்கப்படுத்தினார். ரொசியோ கேட்டார்: “நான் வேலையை விடுறன் எண்டு முதலே குடுத்திட்டால்?”

“அவைக்கு வேலை மிச்சம். குடுக்காதேங்கோ.”

“தனியப் போகப் பயமா இருக்கு.”

ரஜீவன் மேசையிலிருந்து விரலால் துசாந்தினியைக் காட்டினார்: நீ போ.

“நீங்கள் போங்கோவன்,” என்று துசாந்தினி ஃபோனைப் பொத்திக்கொண்டு சொன்னார். “நீங்கள்தானே சங்கத்து ஆள்.”

“அவ எங்கட சங்கமில்லை. என்ர இங்கிலிஷ் களஞ்சியத்துக்குத்தான் காணும். அந்தப் பிழையை விளங்கப்படுத்த ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆள் வேணும்.”

“எனக்கு வியாழக்கிழமை பள்ளிக்கூடம்.”

“லீவு கேள்.”

“நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

“கம்ப்ளை,” என்றார் ரஜீவன். “எந்தப் பக்கத்துச் சொல் அது, ரீச்சர்?”

லீவு கேட்டார். கிடைத்தது.

6

இங்கெரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு மேலதிகாரி, ஒரு வெளிநாட்டுப் பெண், ஒரு வேலைநீக்கம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை தானாகவே எழுதிக்கொண்டு போய்விடும். தானாக எழுதுகிற கதையை நான் நிறுத்திவிடுவேன்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: துசாந்தினி விளக்குகிறார். இங்கெர் சிரிக்கிறார். எல்லோரும் எம்பனாதா தின்கிறார்கள். [வாசகர் மன்னிப்பார். நான் மன்னிக்க மாட்டேன்.]

இன்னொன்று: இங்கெர் கேட்கவில்லை. ரொசியோ பெட்டி கட்டுகிறார். விமான நிலையம். பனி. [இது எனக்கு இலகுவாக வரும். இங்கிருந்து எழுதுகிற எங்களுக்கு விமான நிலையமும் பனியும் கைப்பழக்கம். அதனாலேயே வேண்டாம்.]

மற்றொன்று: துசாந்தினி மேசையில் கையூன்றி, சொற்களையும் மனிதர்களையும் பற்றி ஒரு… [இதை அவரிடம் சொன்னேன். “அண்ணை, என்ர ரெண்டு கையும் மடியில இருந்தது. நான் அங்கை ஒண்டும் ஊண்டேல்லை” என்றார்.]

ஆகவே, நடந்ததையே எழுதுகிறேன்.

7

கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறை. இங்கெர், நிர்வாகத்திலிருந்து குறிப்பெடுக்க வந்த ஒருவர், ரொசியோ, துசாந்தினி. மேசையில் தண்ணீர்ப் போத்தல். ரொசியோவின் மடியில், மூடிய பெட்டியில் எம்பனாதா. எல்லாம் தெரிந்த பிறகும் செய்துகொண்டு வந்திருந்தார். “மா பிசைஞ்சு வைச்சிட்டன், ரீச்சர். எறியிறதோ?”

(இங்கெருக்கு அச்சுத் தமிழ் தருகிறேன். ஒரு வாக்கியத்தை முற்றாக முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவாராம்.)

“நீங்கள் யார்?” என்றார் இங்கெர்.

“நான் அவவின்ர ரீச்சர்.”

“ஆசிரியரை அழைத்து வரலாமா?” என்று இங்கெர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். யாரையும் அழைத்து வரலாம் என்றார் அவர்.

துசாந்தினி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். ஸ்பானிஷில் அந்தச் சொல் எது, ஆங்கிலத்தில் எது, ரொசியோ எதை நினைத்து எதைச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், எங்களில் பெரும்பாலானோர் அப்படி ஒரு அறையில் ‘சொறி’யில்தான் தொடங்குவோம்.

இங்கெர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முகம் இளகியது.

“அப்படியென்றால் ரொசியோ சொன்னது இது. என்னோடு ஒருநாளும் வாதாடுவதில்லை. நான் சொல்வதைச் செய்து முடிப்பார்.”

“ஓம். அதுதான்,” என்றார் துசாந்தினி. ரொசியோவும் தலையசைத்தார். தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள். ரொசியோவின் கை பெட்டியின் மூடிக்குப் போனது.

“எனக்கு அது இன்னும் கவலையாக இருக்கிறது,” என்றார் இங்கெர்.

மூடி திறக்கவில்லை.

“ஜனவரியில் நான் ஒரு பிழை விட்டேன். இரண்டு தொட்டிகளுக்கான மருந்தளவை இடம் மாற்றி எழுதிவிட்டேன். ரொசியோ எழுதியபடியே கொடுத்தார். ஒரு தொட்டி மீன் முழுவதும் செத்தது. இங்கே எல்லோரும் பிழை விடுவார்கள். என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் எனக்கு வேண்டும். நான் சொல்வதை மட்டும் செய்கிறவரோடு இந்த வேலையை என்னால் நடத்த முடியாது.”

துசாந்தினிக்குப் பலகை நினைவுக்கு வந்ததாம். நடுவே தான் கிழித்த கோடு. இந்த அறையில் அது வேறு மாதிரி ஓடியது. வலது பக்கத்தில், பணிபவர் பக்கத்தில், நின்றவர் வெளியே போக வேண்டும்.

[வாசகருக்கு: ரொசியோ மீன் நோய்களைப் பார்த்துத்தான் வளர்ந்தவர். அவருடைய ஊரில் பாதிப்பேருக்கு மீன் வளர்ப்புத்தான் வேலை. அப்படி ஓர் அளவு அவர் கண்ணில் படாமல் போகாது என்று இங்கெர் நினைக்கிறார். நானும் நினைக்கிறேன். இங்கெர் அடுத்துக் கேட்ட கேள்வி கடைசியில் வரும்; அதற்குப் பிழையைக் கண்டேன் என்றால், கண்டும் வாய் திறக்கவில்லை என்று ஆகும். காணவில்லை என்றால், வேலை தெரியாது என்று ஆகும். சோதனைக்காலத்தில் வேலையால் நிறுத்த இரண்டில் எதுவும் போதும்.]

ரொசியோ துசாந்தினியைப் பார்த்தார். வகுப்பில் ஒரு சொல் வராதபோது பார்க்கும் அதே பார்வை. துசாந்தினியிடம் இரண்டு மொழியிலும் சொற்கள் இருந்தன. ஒரு நல்ல சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் ரொசியோ இன்னொருவருக்குக் கீழ்ப்படிந்ததாக முடியும். துசாந்தினி தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நேரம் ஏன் வாயைத் திறக்கேல்லை?” என்று நான் ரயிலில் கேட்டேன்.

“திறந்தால் அது என்ர மறுமொழி, அண்ணை.”

முதல் நிபந்தனையை நான் மீறிவிட்டேன் என்று இதை வாசிக்கும்போது அவர் சொல்வார். சொல்லட்டும். இந்த ஒன்றை வெட்ட மாட்டேன்.

மறுமொழி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. ரொசியோவின் கதிரையில் நீங்கள் இருங்கள். பெட்டியின் அடி இன்னும் சூடாக இருக்கிறது. குறிப்பெடுப்பவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இங்கெர் தன் கதிரையை முன்னால் இழுத்து, குரலை உயர்த்தாமல், உங்களை நேரே பார்த்துக் கேட்கிறார்.

“நான் எழுதிய அளவு பிழை என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா, ரொசியோ?”